'நெ' என்றால் ஆம், 'நெ' என்றால் இல்லை

பல்கேரியாவின் ரிலா மலையில் பிறக்கும் ஓர் ஆறு கிழக்கே ஓடி, பிறகு தெற்கே திரும்பி, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே எல்லையாக நீண்ட தூரம் போய், ஏஜியன் கடலில் கலக்கிறது. பல்கேரியர்களுக்கு அது மரித்சா. கிரேக்கர்களுக்கு எவ்ரோஸ். துருக்கியர்களுக்கு மெரிச். துருக்கியின் எடிர்னே நகரத்துக்குப் பக்கத்தில் மூன்று நாடுகளும் சந்திக்கின்றன.

அந்தப் பகுதியில் மூன்று நாட்டுக் கடைகளிலும் ஏறி இறங்கி, "ரொட்டி இருக்கிறதா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கடைக்காரர்களும் ஒரே சொல்லைப் பதிலாகச் சொல்லக்கூடும்: "நெ." கிரேக்கர் சொன்னால் 'ஆம், இருக்கிறது' என்று பொருள். பல்கேரியர் சொன்னால் 'இல்லை'. துருக்கியர் சொன்னால் 'என்ன?'; நீங்கள் கேட்டது அவர் காதில் சரியாக விழவில்லை.

கிரேக்கத்துக்குத் தரைவழி அண்டை நாடுகள் நான்கு. மீதி இரண்டையும் பார்த்துவிடலாம். வடக்கே வட மாசிடோனியாவில் 'நெ' என்றால் இல்லை. வடமேற்கே அல்பேனியாவில் 'நெ' என்றால் 'நாங்கள்'. பல்கேரியாவைத் தாண்டி டான்யூப் ஆற்றைக் கடந்து ருமேனியாவுக்குப் போனால் அங்கே 'நெ' என்பது 'எங்களை, நம்மை'. விடைபெறும்போது ருமேனியர்கள் "நெ வெதெம்" என்பார்கள்; 'நாம் பார்ப்போம்', அதாவது 'மறுபடி சந்திப்போம்'.

கிரேக்கம் கற்கத் தொடங்கிய நாட்களில் ஒலிப்பாடங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இந்தச் சொல்தான் என்னை முதலில் தடுமாற வைத்தது. ஒவ்வொரு முறை 'நெ' என்று கேட்கும்போதும் மனம் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 'நோ', பிரெஞ்சில் 'நோன்', ஜெர்மனில் 'நைன்', ரஷ்ய மொழியில் 'நியெத்'. ஐரோப்பாவில் ந-வில் தொடங்கும் சிறிய சொல் என்றால் அது மறுப்பாகத்தான் இருக்கும் என்று காது பழகிவிட்டது. கிரேக்கம் மட்டும் ஏன் இப்படி? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், மொழிகளின் உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும், ஒரு சின்னஞ்சிறு சொல் எப்படித் தேய்ந்து மறைகிறது என்பதும் புரிந்துவிடுகிறது.

ஏன் இத்தனை மோதல்?

முதலில் ஒரு எளிய கணக்கு. ஒரு மொழியில் 20 மெய்யொலிகளும் 5 உயிரொலிகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த ஓரசைச் சொற்கள் அந்த மொழியில் அதிகபட்சம் நூறுதான் இருக்க முடியும். உலகின் எந்த மொழியும் அடிக்கடி பயன்படும் சொற்களை நீளமாக வைத்துக்கொள்வதில்லை. ஆம், இல்லை, நான், நீ, என்ன, அது போன்ற சொற்கள் நாளுக்கு நூறு முறை வாயில் புழங்குவதால் தேய்ந்து குறுகிவிடுகின்றன. ஆக, குறைந்த இடத்தில் எல்லா மொழிகளும் தங்கள் முக்கியமான சொற்களை நெருக்கி வைத்திருக்கின்றன. அதிலும் 'ந்' என்ற மெய்யும் 'எ' என்ற உயிரும் மிகப் பரவலான ஒலிகள். வெவ்வேறு மொழிகளின் சொற்கள் 'நெ' என்ற புள்ளியில் வந்து மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஓரெழுத்து ஒருமொழி என்பது தெரிந்த விஷயம். பவணந்தி முனிவர் நன்னூலில் 42 ஓரெழுத்துச் சொற்களைக் கணக்கிடுகிறார். ந வரிசையில் நா, நீ, நே, நை, நோ. இவற்றில் 'நே' என்றால் அன்பு. ஐரோப்பாவில் ஆம், இல்லை, என்ன, நாங்கள் என்று அலைந்த அதே ஒலி, கொஞ்சம் நீண்டால் தமிழில் அன்பு. அதனால் தமிழ் 'நே'வுக்கும் கிரேக்க 'நெ'வுக்கும் உறவு உண்டென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களில்கூட இத்தகைய தற்செயல் நடக்கிறது. கிரேக்கத்தில் கண்ணுக்கு 'மாத்தி'. மலாய் மொழியில் கண்ணுக்கு 'மாத்தா'. பொருளும் ஒன்று, ஒலியும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் கிரேக்கச் சொல் 'ஒம்மாத்தியோன்' என்ற பழைய நீண்ட சொல்லின் தலை உதிர்ந்து மிஞ்சியது. மலாய்ச் சொல்லோ முற்றிலும் வேறொரு மொழிக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து.

அப்படியானால் உறவை எப்படித்தான் அறிவது? ஒரு சொல்லை மட்டும் தனியாக வைத்து அறிய முடியாது. இரண்டு மொழிகளில் பல அடிப்படைச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பல்கேரிய மொழியில் மூக்கு 'நோஸ்', இரவு 'நோஷ்த்', மூன்று 'த்ரி'. லிதுவேனிய மொழியில் மூக்கு 'நோசிஸ்', இரவு 'நக்திஸ்', மூன்று 'த்ரீஸ்'. சமஸ்கிருதத்தில் 'நாசா', 'நக்த', 'த்ரி'. லத்தீனில் 'நாசுஸ்', 'நோக்ஸ்', 'த்ரேஸ்'. ஒன்றில் ந வரும் இடத்தில் மற்றவற்றிலும் ந வருகிறது. த வரும் இடத்தில் த வருகிறது. இந்த ஒழுங்குதான் சாட்சி. இப்போது இதே மூன்றையும் துருக்கிய மொழியில் கேளுங்கள்: மூக்கு 'புருன்', இரவு 'கெஜெ', மூன்று 'யுச்'. எந்த ஒழுங்கும் கிடைக்கவில்லை. ஆகவே பல்கேரிய 'நெ' லிதுவேனிய 'நெ'வுக்கு உடன்பிறப்பு. லிதுவேனியாவிலும் அதற்கு 'இல்லை' என்றே பொருள். பக்கத்து ஊரில் இருந்தாலும், 'என்ன' என்று பொருள்படும் துருக்கிய 'நெ' அந்த வீட்டைச் சேர்ந்தது அல்ல.

இந்தப் பெரிய குடும்பத்துக்கு இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம் என்று பெயர். அதன் மூதாதை மொழியில் மறுப்புச் சொல்லே 'நெ' என்பதுதான் அறிஞர்களின் முடிவு. சமஸ்கிருதத்தில் அது 'ந' ஆயிற்று. நாம் சொல்லும் நாத்திகம் 'ந அஸ்தி', அதாவது 'இல்லை' என்பதிலிருந்து வந்த சொல். அநீதி, அசுத்தம் போன்ற வடசொற்களின் முன்னால் நிற்கும் 'அ'வும் அதே வேரின் தேய்ந்த வடிவம். தமிழின் சொந்த மறுப்புச் சொற்களான இல், அல் ஆகியவற்றுக்கு இந்த வேரோடு தொடர்பில்லை.

கிரேக்கத்தின் 'ஆம்'

கிரேக்கமும் அதே குடும்பம்தான். இரவுக்கு 'நிக்தா', மூன்றுக்கு 'த்ரியா' என்கிறது. பிறகு எப்படி 'நெ' என்பது 'ஆம்' ஆயிற்று?

விடை எழுத்தில் இருக்கிறது. கிரேக்கர்கள் இந்தச் சொல்லை நு, ஆல்பா, இயோட்டா என்று மூன்று எழுத்துகளால் எழுதுகிறார்கள். எழுதியபடி படித்தால் 'நாய்' அல்லது 'நை' போல ஒலிக்க வேண்டும். செவ்வியல் காலத்தில் அப்படித்தான் ஒலித்தது. 'மெய்யாகவே', 'உண்மைதான்' என்று அழுத்திச் சொல்லும் இடைச்சொல் அது. அதன் நெருங்கிய உறவான 'நே' என்ற சொல்லைச் சத்தியம் செய்யப் பயன்படுத்தினார்கள். "நே தியா" என்றால் 'ஜீயஸ் மேல் ஆணை'. நீங்கள் சொல்வது ஆம் என்றால் ஆம் என்றும், இல்லை என்றால் இல்லை என்றும் இருக்கட்டும் என்று இயேசு சொல்லும் இடம் மத்தேயு நற்செய்தியில் உண்டு. கிரேக்க மூலத்தில் அந்த 'ஆம்', இன்று கடைக்காரர் சொல்லும் இதே சொல்தான்.

காலப்போக்கில் கிரேக்க மொழியில் 'ஐ' என்ற ஒலி எல்லா இடங்களிலும் 'எ' ஆகச் சுருங்கியது. எழுத்து மாறவில்லை, ஒலி மட்டும் மாறியது. ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துமுறைகள் ஆனதால் பிற்கால இலக்கண ஆசிரியர்கள் 'எ' என்ற தனி எழுத்தை 'எளிய எ' என்று குறிப்பிட்டு வேறுபடுத்த வேண்டியிருந்தது. பள்ளிக் கணக்கில் நாம் சந்திக்கும் எப்சிலான் என்ற பெயரின் பொருளே அதுதான். 'ப்சிலோன்' என்றால் வெறுமையானது, எளியது.

ஆக, கிரேக்க 'ஆம்' முதலில் 'நெ' அல்ல, 'நை'. ஓர் உயிரொலி சுருங்கியதால் மட்டுமே அது அண்டை மொழிகளின் 'இல்லை'யோடு வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மொழிகளில்கூட ஒத்து ஒலிக்கும் இரண்டு சொற்கள் உறவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அப்படியானால் கிரேக்கத்தின் 'இல்லை' எது? 'ஓஹி'. இந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு தேசிய விடுமுறையே உண்டு. 1940 அக்டோபர் 28 விடியற்காலையில் முசோலினியின் இறுதி எச்சரிக்கையோடு இத்தாலியத் தூதர் ஏதென்சில் பிரதமர் மெடாக்ஸாஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். இத்தாலியப் படைகளுக்கு வழிவிட மெடாக்ஸாஸ் மறுத்தார். ஆண்டுதோறும் அந்த நாளை 'ஓஹி நாள்' என்று கிரேக்கர்கள் கொண்டாடுகிறார்கள். 2015 ஜூலை 5 அன்று கடன் நிபந்தனைகள் குறித்து நடந்த பொதுவாக்கெடுப்பிலும் வாக்குச்சீட்டில் இருந்தவை 'ஓஹி', 'நெ' என்ற இரண்டு சொற்கள்தாம். 61 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 'ஓஹி'க்கு வாக்களித்தார்கள். அந்த நாட்களில் ஏதென்சின் தெருக்களில் "நெ, நெ" என்று முழங்கிய கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த, தன் மொழியில் 'நெ' என்றால் 'இல்லை' என்று பழகிய ஒரு செர்பியர், அவர்கள் எதிர்க்கிறார்கள் என்று நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

துணைக்கு வந்தது தலைமை ஏற்ற கதை

இப்போது இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மூதாதை மொழியில் இருந்த 'நெ' கிரேக்கத்தில் எங்கே போயிற்று?

இதற்குப் பதில் தேட, முதலில் பிரான்சுக்குப் போக வேண்டும். அங்கே அந்தச் சொல் இன்று நம் கண் முன்னால் மறைந்துகொண்டிருக்கிறது.

பிரெஞ்சில் மறுப்புக்கு இரண்டு சொற்கள் வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது: வினைக்கு முன்னால் 'ந', பின்னால் 'பா'. புதுச்சேரியில் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இந்த 'ந... பா' மனப்பாடமாக இருக்கும். முன்னால் வரும் 'ந' நம்முடைய பழைய 'நெ'தான். உயிரொலி மங்கி, மூச்சு விடுவது போல ஒலிக்கிறது. பின்னால் வரும் 'பா' என்ன? அதற்குக் காலடி என்று பொருள்.

தமிழில் "அவன் நகரவில்லை" என்று சொல்லி மனம் நிறையாவிட்டால் "ஓர் அடிகூட நகரவில்லை" என்போம். "ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை", "ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை" என்போம். பழைய பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே செய்தார்கள். நடப்பதை மறுக்க 'காலடி', குடிப்பதை மறுக்க 'சொட்டு', தின்பதை மறுக்க 'ரொட்டித் துணுக்கு' என்று தனித்தனிச் சொற்களைச் சேர்த்தார்கள். 'ந' ஒற்றை மூச்சொலியாகத் தேய்ந்து காதில் விழாமல் போனதால் இந்தத் துணைச் சொற்கள் தேவைப்பட்டன. நாளடைவில் மற்றவை ஒதுங்க, 'காலடி' மட்டும் எல்லா வினைகளோடும் ஒட்டிக்கொண்டது. தூங்கவில்லை, யோசிக்கவில்லை, விரும்பவில்லை எல்லாவற்றிலும் 'காலடி'. அதன் பழைய பொருள் இந்த இடத்தில் யாருக்கும் நினைவில்லை.

அடுத்த கட்டம் இன்று நடக்கிறது. பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் 'ந'வைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் புத்தகம் "ஜ ந சே பா" என்கிறது. தெருவில் கேட்பது "ஜ சே பா". மறுப்புச் சொல் போய்விட்டது, 'காலடி' மறுப்பாகிவிட்டது. ஆசிரியர்கள் இதைத் தவறு என்று திருத்துகிறார்கள். எழுத்தில் 'ந' இன்னும் உயிரோடு இருப்பதற்கு அவர்களுடைய சிவப்பு மையும் ஒரு காரணம்.

ஆங்கிலத்திலும் இது நடந்து முடிந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'நான் சொல்லவில்லை' என்பதற்கு ஆங்கிலேயர்கள் வினைக்கு முன்னால் வெறும் 'நெ' வைத்தார்கள். பிறகு அது வலுவிழந்ததால் பின்னால் 'நாட்' சேர்ந்தது. 'எந்த ஒன்றுமே இல்லை' என்பதைச் சுருக்கிய சொல் அது. சில நூற்றாண்டுகள் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன. பிறகு 'நெ' உதிர்ந்துவிட்டது. ஜெர்மனின் 'நிஷ்ட்' வந்த வழியும் இதுவே. இந்தச் சுழற்சியை 1917இல் விரிவாக எழுதிக் காட்டியவர் டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன். அதனால் இன்று இதற்கு 'யெஸ்பர்சன் சுழற்சி' என்றே பெயர்.

இனி கிரேக்கத்துக்குத் திரும்பலாம். பழைய கிரேக்கத்தில் மறுப்புச் சொல் 'ஊ'. இன்றைய 'ஓஹி' அதை அழுத்திச் சொன்ன வடிவத்தின் வாரிசு. இந்த 'ஊ' எங்கிருந்து வந்தது என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. குடும்பத்தில் பெரும்பாலோர் அப்படி மறுப்பதில்லை. 1960இல் வாரன் கௌகில் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு விளக்கம் முன்வைத்தார். பலரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆதியில் கிரேக்கர்களும் 'நெ' என்றுதான் மறுத்தார்கள். அதற்குத் துணையாக 'ஆயுள், காலம்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். "ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்" என்று நாம் சொல்வதில்லையா, அது போல. பிறகு பிரெஞ்சில் இன்று நடப்பதே அங்கேயும் நடந்தது. 'நெ' உதிர்ந்தது, 'ஆயுள்' மட்டும் தேய்ந்து 'ஊ' என்று நின்று, தானே மறுப்பாகிவிட்டது. ஹோமரின் காவியங்களுக்கும் முன்பே, எழுத்துச் சான்றுகள் தொடங்கும் முன்பே இது முடிந்துவிட்டது.

அந்த 'ஆயுள்' சொல் நமக்கு அந்நியமானதல்ல. சமஸ்கிருத 'ஆயுஸ்' அதே வேரிலிருந்து வந்தது. அதுவே தமிழில் ஆயுள், ஆயுசு. லத்தீனில் யுகத்தைக் குறிக்கும் 'ஐவும்' அதே வேர். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'எப்போதும்' என்று பொருள்படும் 'ஆ' என்ற சொல்லும் அதே வேர்தான். 'நெ'வும் அந்த 'ஆ'வும் சேர்ந்து 'நா' ஆகி, இன்று நாம் தினமும் கேட்கும் 'நோ' ஆயிற்று. அதாவது ஆங்கில 'நோ'வும் கிரேக்க 'ஊ'வும் ஒரே இரு துண்டுகளால் ஆனவை. ஆங்கிலம் தலையையும் வைத்துக்கொண்டது. கிரேக்கம் தலையை உதிர்த்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டது. கேட்டால் துளியும் ஒற்றுமை இல்லாத இந்த இரண்டும் உறவு. ஒன்றாகவே ஒலிக்கும் கிரேக்க 'நெ'வும் பல்கேரிய 'நெ'வும் உறவல்ல.

கிரேக்கம் அதோடு நிற்கவும் இல்லை. 'ஊ' வலுவிழந்தபோது, வாக்கியங்களில் அதற்குப் பதிலாக 'ஊதென்' என்ற சொல்லை நாடினார்கள். 'ஒன்றுகூட இல்லை' என்று பொருள். பிறகு அதிலும் முன்னால் இருந்த 'ஊ' உதிர்ந்து 'தென்' மட்டும் மிஞ்சியது. இன்று 'தென் க்ஸேரோ' என்றால் 'எனக்குத் தெரியாது'. அந்த 'தென்'னில் மிச்சமிருக்கும் எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தால் 'மேலும் ஒன்று' என்பதுதான் தெரிகிறது. மறுப்பின் ஒரு துணுக்குகூட அதில் இல்லை.

தேயாமல் நின்றவர்கள்

பல்கேரியம், ரஷ்யம் போன்ற ஸ்லாவிய மொழிகளும் லிதுவேனியம் போன்ற பால்டிக் மொழிகளும் 'நெ'வை இந்தத் தேய்மானத்திலிருந்து காப்பாற்றிவிட்டன. செக், செர்பிய, குரோவேசிய, ஸ்லோவேனிய மொழிகள் எல்லாவற்றிலும் அது இன்றும் 'நெ'. ரஷ்யர்கள் வினைக்கு முன்னால் 'ந்யெ' வைக்கிறார்கள். தனியாகச் சொல்லும் 'நியெத்' என்பது 'இங்கே இல்லை' என்ற பழைய வாக்கியத்தின் சுருக்கம்.

ஸ்லாவிய 'நெ' செய்த ஒரு வேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல்கேரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை 'நெதெல்யா'. 'நெ' என்றால் இல்லை, 'தெல்' என்பது செய்தல். வேலை செய்யாத நாள். திங்கட்கிழமை 'பொநெதெல்னிக்', அதாவது வேலை செய்யாத நாளுக்கு அடுத்தது. செக் மொழியிலும் போலந்து மொழியிலும் ஞாயிறு இதே சொல்தான். ரஷ்யர்கள் மட்டும் ஞாயிறுக்கு 'உயிர்த்தெழுதல்' என்ற கிறித்தவப் பெயரை எடுத்துக்கொண்டு, மிச்சமான 'நெதெல்யா'வை 'வாரம்' என்ற பொருளுக்கு நகர்த்திவிட்டார்கள். ஆகவே ரஷ்ய மொழியில் வாரம் முழுவதற்கும் பெயர் 'வேலை செய்யாதது'.

பல்கேரியாவில் சொல்லோடு தலையசைப்பும் சேர்ந்துகொள்கிறது. அங்கே மரபாக, இல்லை என்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள்; ஆம் என்றால் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். எல்லை தாண்டிக் கிரேக்கத்தில் இல்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்துப் புருவத்தை உயர்த்துவது வழக்கம். வாய் திறக்கவே வேண்டாம். நாம் ஒப்புதலுக்குத் தலையைச் சாய்த்து ஆட்டுவது வெளிநாட்டவரைக் குழப்புவது போலத்தான் இதுவும்.

மற்ற மொழிகளை விரைவாகக் கடந்துவிடலாம். இத்தாலியில் 'நெ' என்றால் 'அதிலிருந்து, அவற்றில்'; "நெ வோல்யோ துவே" என்றால் 'அவற்றில் இரண்டு வேண்டும்'. லத்தீனில் 'அங்கிருந்து' என்று பொருள்படும் 'இந்தே' என்ற சொல்லின் முன்பாதி உதிர்ந்து இத்தாலியில் 'நெ' ஆயிற்று. பின்பாதி உதிர்ந்து பிரெஞ்சில் 'ஆன்' ஆயிற்று. பிரெஞ்சில் 'நே' என்று ஒலிப்பவை வேறு இரண்டு சொற்கள். ஒன்று 'பிறந்த', இன்னொன்று 'மூக்கு', நம் நாசிக்குத் தூரத்து உறவு. ஜெர்மானியர்கள் பேச்சில் 'நெ'வை மூன்று வேலைக்கு வைத்திருக்கிறார்கள்: நீட்டிச் சொன்னால் 'இல்லை', வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் 'அல்லவா?', பெயர்ச்சொல்லின் முன்னால் வைத்தால் 'ஒரு'. போர்த்துகீசிய மொழியில், குறிப்பாகப் பிரேசிலில், வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் 'நெ?' என்பது 'இல்லையா?' என்பதன் சுருக்கம்.

பின்லாந்தில் 'நெ' என்றால் 'அவை'. அங்கே மறுப்பு ஒரு வினைச்சொல். நான், நீ, அவன் என்று ஆளுக்கேற்ப மாறும். நான் என்றால் 'என்', நீ என்றால் 'எத்', அவன் அல்லது அவள் என்றால் 'எய்'. பழந்தமிழில் அல்லேன், அல்லாய், அல்லன் என்று மாறுகிறதே, அதே அமைப்பு. இரு மொழிகளுக்கும் உறவு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் தமிழ் தெரிந்த ஒருவருக்குப் பின்னிய மொழியின் மறுப்பு, ஆங்கிலேயருக்கு இருக்கும் அளவு விசித்திரமாக இராது. ஹங்கேரியில் 'நெ' என்பது விலக்கும் சொல்: "நெ மென்ய்!" என்றால் 'போகாதே!'

ஆற்றங்கரையை விட்டு வெகு தூரம் வந்துவிட்டோம். எடிர்னேவுக்குத் திரும்புவோம். துருக்கிய 'நெ'வுக்கு 'என்ன' என்று பொருள், பல்கேரிய 'நெ'வோடு அதற்கு உறவில்லை என்று சொன்னேன். அது உண்மை. 'நெதென்' என்றால் 'எதனால்', அதாவது 'ஏன்'. நண்பர்கள் சந்தித்தால் "நெ வார், நெ யோக்?" என்று கேட்டுக்கொள்வார்கள்: 'என்ன இருக்கிறது, என்ன இல்லை?' இந்த 'நெ' துருக்கியர்கள் மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவந்தது.

ஆனால் துருக்கிய மொழியில் இன்னொரு 'நெ'வும் உண்டு. 'தேநீரும் வேண்டாம், காபியும் வேண்டாம்' என்பதற்கு "நெ சாய், நெ காஹ்வெ" என்பார்கள். எழுத்திலும் ஒலியிலும் முந்தையதிலிருந்து வேறுபாடே இல்லை. இந்த இரண்டாவது 'நெ' பாரசீகத்திலிருந்து இரவல் வாங்கியது. பாரசீகம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அதன் மறுப்புச் சொல் சமஸ்கிருத 'ந'வுக்கு நெருங்கிய உறவு, பல்கேரிய 'நெ'வுக்குப் பங்காளி. எடிர்னேவில் ஒருவர் தேநீரையும் காபியையும் மறுக்கும்போது அவர் வாயிலிருந்து வருவது, மேல்கரையில் பல்கேரியக் கடைக்காரர் ரொட்டி இல்லை என்று சொன்ன அதே பழைய சொல். ஈரானைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமாக வந்து சேர்ந்திருக்கிறது.